பதினொரு வீதம்

பெட்டியில் ஃபிளாப் என்று இருந்தது.
நான் மடல் என்கிறேன்.
இடமொன்று வலமொன்று,
இறக்கையின் பின்விளிம்பில், உடம்போடு ஒட்டி.

முறிகண்டிக் கடையின் கதவை உள்ளே பூட்டி,
திரை வெடித்த போன்களை ஒருபக்கம் ஒதுக்கி,
கிளைடரை மேசையில் மல்லாக்கக் கிடத்தினேன்.
குச்சியை இழுக்க
இடது மடல் கீழே போனது, வலது மேலே.
எதிரெதிராய்ப் பூட்டிய சேர்வோக்கள்,
கண்ணாடிக்கு முன் கை தூக்கியவள் மாதிரி.
ஒன்றைத் திருப்பிப் போட ரிமோட்டில் ஒரு வரி இருக்கிறது.
திரும்பியது.

பிறகு சேர்வோவின் கை.
நட்டுக்கு நிமிர்த்தி வைத்தால்
ஓட்டத்தில் பாதி மேற்பக்கம் வீண்,
மடலுக்கு மேலே ஒரு வேலையும் இல்லை.
இரண்டு பல்லுத் தள்ளி, முன்னே சரித்து மாட்டினேன்.
பாகைமானி அறுபத்தைந்து காட்டியது.
வலதில் அறுபத்திரண்டு.
அந்த மூன்று பாகையோடு
விடியப்புறம் ஒரு மணி மட்டும்
ஊசித் திருகாணி, நுளம்பு, நான்.

கேதாரநாதன் போனில் சிரித்தான்:
"மோட்டர் இல்லாத சாமானுக்கு இவ்வளவு பாடோ?"
இல்லாதபடியால்தானடா.
மற்றவைக்கு இடது குச்சி வேகம்.
எனக்கு அது நிற்பாட்டுறது.

சோளகம்
இரணைமடுத் தண்ணி முழுக்கக் கடந்து வந்து
குளக்கட்டில் முட்டி எழும்புகிறது.
வன்னியில் வேறு மலை ஏது?
எழும்பும் காற்றின் உதட்டில் வைத்துக் கையை எடுத்தால்
நிற்கும். பொழுதுபட மட்டும் நிற்கும்.
இறங்கத்தான் இடமில்லை:
முன்னால் தண்ணி,
பின்னால் சுழிக்காற்று, முட்கம்பி,
நடுவில் ஒரு ட்ரக்டர் அகலத்துக்குக் கிறவல்.

முதல் தரம் இழுத்தேன்.
மூக்கணாங்கயிறு இழுபட்ட மாடாய்
தலை நிமிர்ந்து,
மேலே போய், வேகம் செத்து,
ஒருபக்கம் சரிந்து குளத்துக்குள்.

ஜப்பான் மீனுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தவன்
வள்ளத்தில் கொண்டுவந்து தந்தான், சொட்டச் சொட்ட.
அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்தான்.
"உது வண்டோ?"
"இல்லை. கமரா இல்லை."
"சத்தம் கேக்கேல்லையே.
சத்தமில்லாட்டி வாறது எப்பிடித் தெரியும்?"
செல்வரூபன் என்று பேர். என் வயதுதான்.
அந்த வயதுக்காரரிடம்
எந்த வண்டு என்று கேட்கத் தேவையில்லை.

மடல் இறங்கினால் மூக்கு எழும்பும்.
அதே கணம் வால் அதை அமுக்கவேண்டும்.
கலவை என்று பேர் அதற்கு:
ஒன்று அசைய, கேளாமலே மற்றதும் அசைவது.
எனக்குள்ளும் கிடக்கிறது ஒன்று.
வானத்தில் இரைச்சல், கழுத்து உள்ளே போகும்.
பன்னிரண்டு வயதில் பதிந்தது,
எத்தனை வீதமென்று எந்தத் திரையிலும் இல்லை.

வாலுக்கு ஆறு வைத்தேன், போதவில்லை.
பதினைந்து வைக்க, கிறவலில் மூக்குக் குத்தியது.
நேர்கோடும் இல்லை அது;
மடலின் முதல் கொஞ்சத்துக்கே எட்டுக் கேட்டது,
மிச்சம் முழுவதற்கும் மூன்று.
வளைகோட்டில் ஐந்து புள்ளி,
ஐந்தையும் பெருவிரலால் நகர்த்தினேன்.
மொத்தம் பதினொன்று.

வியாழக்கிழமை, கட்டுக்கு நேர் மேலே
தலையளவு உயரத்தில் வந்துகொண்டிருந்தது.
காட்டுப்பக்கமிருந்து ஹெலிகொப்டர்.
தண்ணியில் செல்வரூபன் வள்ளத்தோடு குனிந்தான்.
நானும்.
முழங்கால் மடிய, விரலும் சேர்ந்து மடிந்து
குச்சி அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

அது பயப்படவில்லை.
இரண்டு மடலும் முழுக்க விரிந்து,
மூக்கு ஒரு விரற்கடை கூட எழும்பாமல்,
காற்றில் படி இருக்கிற மாதிரி இறங்கி
என் சப்பாத்துக்கு நாலடி தள்ளி இருந்தது.

ஹெலி போய்விட்டது. ஆரோ மந்திரியாம்.
"இப்பவும் குனியிறாய்" என்றான் வள்ளத்திலிருந்து.
"நீயுந்தான்."

வலது மடலில் ஒரு கிறவல் கல் கீறியிருந்தது.
பாகைமானி வைத்துப் பார்த்தேன்:
இன்னும் ஒரு பாகை குறைகிறது.